உண்ணாமுலையும் உண்ணாமலையும்

காந்திமதி என்று ஒரு பெண் பெயர் சொன்னால், "திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்கலாம், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். கோமதி என்றால் சங்கரன்கோவில், அகிலாண்டம் என்றால் திருவானைக்காவல், நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம், குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். யாரும் மகளுக்கு ஊரின் பெயரை வைக்கவில்லை. ஊர்க் கோயிலில் குடியிருக்கும் அம்மனின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் ஊரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது. மீனாட்சியும் காமாட்சியும் மதுரையையும் காஞ்சியையும் விட்டு வெளியேறி எல்லா ஊர்ப் பெண்களுக்கும் பொதுவாகிவிட்டார்கள். வேறு சில பெயர்கள் ஊரெல்லையைத் தாண்டவே இல்லை. தாண்டிய இடத்தில் உருமாறி, பிறந்த இடத்திலும் அருகிப்போன பெயர் ஒன்று உண்டு. திருவண்ணாமலை அம்மனின் பெயர்: உண்ணாமுலை.

அதே கோயிலின் இறைவன் பெயருக்கு இந்த நிலை வரவில்லை. அண்ணாமலை, அருணாசலம், அருணகிரி என்று மூன்று வடிவங்களிலும் அது தமிழுலகம் முழுக்கப் பரவியது. 15-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலேயே வாழ்ந்த அருணகிரிநாதரை விட்டுவிடுவோம். தொலைதூரத்து ஆட்களைப் பார்ப்போம். இராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) காவிரிக்கரைக்காரர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளத்தில் 1865-இல் பிறந்தவர். சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் செட்டிநாட்டவர். இலங்கையில் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924), தமிழ் இலக்கிய வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாக எழுதிய மு. அருணாசலம், மொரீசியஸ் தீவில் பிரெஞ்சு எழுத்தில் புகுந்து அர்னாசெல்லம் என்று குடும்பப்பெயராகவே ஆகிவிட்ட அருணாசலம் என்று வரிசை நீளும். 1992-இல் 'அண்ணாமலை', 1997-இல் 'அருணாச்சலம்' என்று ரஜினிகாந்தின் இரண்டு படங்களுக்கும் இந்த மலையே பெயர் கொடுத்தது.

அம்மனின் பெயர் தாங்கியவர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் போட முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பெண்களைப் பற்றி வரலாறு குறைவாகவே எழுதியது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது. மீனாட்சிகளும் காமாட்சிகளும் அதே வரலாற்றுக்குள்தான் பெயரளவிலாவது தங்கினார்கள். உண்ணாமுலைக்கு நேர்ந்தது வேறு.

பெயரின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை, நெருங்க முடியாத மலை. அடி தேடிப் பன்றியாய்க் குடைந்த திருமாலும் முடி தேடி அன்னமாய்ப் பறந்த பிரமனும் காணாமல் திரும்பிய கதை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. உண்ணா முலை, யாரும் பால் உண்ணாத முலை. இரண்டுமே இலக்கணத்தில் ஒரே வகை: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வடமொழி வடிவங்களிலும் இதே எதிர்மறை நிற்கிறது. அருணாசலத்தின் பின்பாதி அ-சலம், அசையாதது. அபீதகுசாம்பாளின் முன்பாதி அ-பீத, பருகப்படாத. இறைவனும் இறைவியும் ஒரே இலக்கணத்தில் பெயர் பெற்ற தலங்கள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இந்தப் பெயருக்கு நமக்குக் கிடைக்கும் தொன்மையான சான்று 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருஞானசம்பந்தரின் முதல் திருமுறையில் 10-ஆம் பதிகம் அண்ணாமலைப் பதிகம். அதன் முதற்சொல்லே அம்மனின் பெயர்தான். அந்த முதற்பாட்டில் அம்மன் பெயரில் தொடங்கும் எதுகை அடிதோறும் தொடர்ந்து மலையின் பெயரில் வந்து சேர்கிறது. உண்ணா என்று எடுத்த ஓசை அண்ணா என்று முடியும்போது காதுக்கு இரண்டு பெயர்களும் பிரிக்க முடியாத சோடியாகிவிடுகின்றன. பிற்காலத்தில் இந்தப் பெயருக்கு நடந்ததற்கெல்லாம் விதை இந்த ஓசை உறவில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதை ஒட்டியே மேலே போகிறேன்.

முலை என்ற சொல்லில் சம்பந்தருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. திருநள்ளாற்று அம்மனைப் போகமார்த்த பூண்முலையாள் என்று பாடியவரும் அவரே. மதுரையில் சமணரோடு அனல் வாதம் நடந்தபோது நெருப்பில் இட்டும் வேகாமல் பச்சையாகவே இருந்தது என்று மரபு போற்றும் ஏடு அந்தப் பதிகத்தின் ஏடுதான். திருவாவடுதுறை அம்மனுக்கு ஒப்பிலாமுலையாள் என்று பெயர். சைவத் தலங்களில் அம்மனின் கண்ணும் குழலும் மொழியும் பெயரானதுபோல முலையும் பெயரானது. பக்தி அந்த உடலை மறைத்துவைக்க வேண்டியதாக நினைக்கவில்லை.

ஆனால் பூண்முலையாளும் ஒப்பிலாமுலையாளும் அழகைச் சொல்லும் பெயர்கள். உண்ணாமுலை சொல்வது வேறு: தாய், ஆனால் பாலூட்டாத தாய். பிள்ளையாரை அவள் உடம்பில் பூசியிருந்த மஞ்சளைத் திரட்டிப் பிடித்தாள். ஆறுமுகனுக்குக் கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்தார்கள். ஆகவே அவள் முலையில் பிள்ளைகள் யாரும் வாய்வைத்து உண்ணவில்லை என்பது கோயிலில் பெரியவர்கள் சொல்லும் விளக்கம். நான் இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்ப்பேன். இந்தப் பெயரைப் பாடிய சம்பந்தரே அந்த அம்மையின் பாலை உண்ட பிள்ளை. சீர்காழிக் குளக்கரையில் பசியால் அழுத குழந்தைக்கு உமை ஞானப்பால் ஊட்டினாள். அதைச் சொல்லும் 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு விவரத்தை விடாமல் வைத்திருக்கிறார்: அவள் பாலைக் கறந்து பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்டினாள். குழந்தை முலையில் வாய்வைக்கவில்லை. உலகுக்கெல்லாம் தாயாக இருந்தும் உண்ணாமுலையாகவே அவள் நிற்பதற்கு அந்தக் கிண்ணம் இடம் கொடுத்துவிடுகிறது. சேக்கிழார் அண்ணாமலைப் பெயரை நினைத்துத்தான் இதைச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவருக்கும் இந்தப் பொருத்தம் கண்ணில் படாமல் போகாது.

தலபுராணத்திலும் இந்த அம்மன் தொட்டில் ஆட்டுபவள் அல்ல, தவம் செய்பவள். காஞ்சியிலிருந்து வந்து, பவளக்குன்றில் கௌதம முனிவரின் வழிகாட்டலில் தவமிருந்து, கார்த்திகைத் தீபத்தன்று இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது கதை. இன்றைக்கும் தீப நாள் மாலையில் அது கண்முன் நடக்கிறது. பஞ்சமூர்த்திகள் மண்டபத்தில் வந்து காத்திருக்க, ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். ஆண்டில் அந்த ஒரு முறைதான் வருகிறார். சில நிமிடங்கள்கூட நிற்பதில்லை. அவர் உள்ளே திரும்புவதற்குள் கொடிமரத்தருகே தீபம் ஏற்றப்பட, மேலே மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். கூட்டமெல்லாம் மலையைப் பார்த்து அரோகரா போடும் அந்த நொடியில், கீழே தோளில் ஆடிப்போகும் அந்த மேனியின் இடப்பாதிக்குத்தான் உண்ணாமுலை என்று பெயர்.

சோழர் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டு முதல், சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி எழும் வழக்கம் வலுத்தது. கல்வெட்டுகள் அதைத் திருக்காமக்கோட்டம் என்கின்றன. சந்நிதி வந்தால் நித்திய பூசை வரும், அர்ச்சனை வரும், பெயர் நாள்தோறும் ஒலிக்கும். ஒரு தேவாரச் சொல் பக்தர் வீட்டுக் குழந்தையின் பெயராக மாறுவதற்கு அந்த நாள்தோறும் ஒலிப்பது அவசியம் என்று நினைக்கிறேன். முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதுபோல, மறைக்காடு வேதாரண்யம் ஆனதுபோல, உண்ணாமுலை அபீதகுசாம்பாள் என்று வடமொழியிலும் பெயர் பெற்றாள். 16-ஆம் நூற்றாண்டில் அப்பைய தீட்சிதர் அபீதகுசாம்பா ஸ்தவம் பாடினார். அவர் பிறந்த அடையபலம் ஆரணிக்குப் பக்கத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. உள்ளூர் அம்மனை உள்ளூர்க்காரர் பாடியது அது.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயரில் ஒரு புரட்டல் நடந்துவிட்டது. அதற்குச் சாட்சி சொல்பவர்கள் கன்னடர்கள். போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர், டெல்லிப் படைகளின் தாக்குதலுக்குப் பிறகு, 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார். கோயிலின் வல்லாளர் கோபுரம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அந்தக் காலக் கன்னடக் கல்வெட்டுகளில் அவர் இருந்து ஆளும் ஊரின் பெயர் உண்ணாமலெ என்று வருகிறது. அண்ணாமலை அல்ல, உண்ணாமுலையும் அல்ல. முன்பாதி அம்மனுடையது, பின்பாதி மலையினுடையது. கன்னடத்திலும் மலெ என்றால் மலைதான். அம்மன் பெயரையும் ஊர்ப் பெயரையும் நாள்தோறும் சேர்த்துக் கேட்ட காது இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது என்றே இதைப் படிக்கிறேன். சம்பந்தர் எதுகையில் கட்டிய முடிச்சு, எழுநூறு ஆண்டுகளில் அரசின் ஆவணத்திலேயே ஒரே சொல்லாக இறுகிவிட்டது.

வல்லாளரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. அவருக்குப் பிள்ளையில்லை என்றும், இறைவனே அரசியின் கையில் குழந்தையாகத் தோன்றி மறைந்தார் என்றும், அதனால் அண்ணாமலையாரே அவருக்கு மகன் என்றும் எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் வழி வழங்கும் கதை சொல்கிறது. 1342-ஐ ஒட்டி மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு நேர்ந்த கொடுமையை அரபுப் பயணி இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் என்ற முறையில் அந்த மன்னருக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளை பெறாத அரசனுக்குத் தெய்வம் பிள்ளையானதும், பிள்ளை உண்ணாத முலையுடையவள் எல்லாருக்கும் அம்மையானதும் ஒரே ஊரில். பெயர் வைப்பதில் குழந்தை வரமும் நேர்த்திக்கடனும் எவ்வளவு பெரிய இடம் வகிக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் ஏன் அவ்வளவு தூரம் பரவின என்பது புரியும்.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வருவது உதவும். ஊர்க் கோயில் அம்மையின் பெயரைப் பெண்ணுக்கு வைக்கும் வழக்கத்தை நம்மைப் போலவே ஊன்றிக் கடைப்பிடித்தவர்கள் ஸ்பெயின் நாட்டவர். அங்கே மாதா ஒருவர்தான். ஆனால் மலைக்கு மலை, ஆற்றுக்கு ஆறு அவருக்கு வேறு வேறு பெயர். பார்சலோனாவுக்கு அருகே 1,236 மீட்டர் உயரத்தில், ரம்பப்பல் போலச் சிகரங்கள் நீட்டி நிற்கும் மலைக்கு மொன்செராத் என்று பெயர். அறுக்கப்பட்ட மலை என்று பொருள். 11-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே மடம் இருக்கிறது. அங்குள்ள கரிய நிற மாதாவை 1881-இல் போப் பதின்மூன்றாம் லியோ கத்தலோனியாவின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த மலையின் பெயரைத்தான் அங்கே பெண்களுக்கு வைக்கிறார்கள். ஓபராப் பாடகி மொன்செராத் கபாயே (1933–2018) அப்படிப் பெயர் பெற்றவர். மலைப்பெயரை ஆளுக்கு வைப்பதில் அண்ணாமலைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு கிடைக்காது. அங்கே அது பெண்ணுக்குப் போயிற்று, இங்கே ஆணுக்கு வந்தது.

அபூர்வமான பெயர்களும் அங்கே உண்டு. அஸ்தூரியாஸ் மலைநாட்டில் குகைக்குள் இருக்கும் மாதாவின் பெயர் கோவதோங்கா. அந்த வட்டாரத்துக்கு வெளியே அந்தப் பெயரில் ஒரு பெண்ணைக் காண்பது அரிது. பாஸ்க் நாட்டில் அரான்சாசு என்று ஒரு தலம். 15-ஆம் நூற்றாண்டில் ஆட்டிடையன் ஒருவன் முட்புதரில் மாதா சிலையைக் கண்டு, "முள்ளிலா நீ?" என்று வியந்து கேட்டதாகவும் அந்தக் கேள்வியே பெயரானதாகவும் ஊர்க்கதை. மொழி அறிஞர்கள் முள் நிறைந்த இடம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். நம் தலபுராணங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த நீண்ட பெயரின் சுருக்கம் அராஞ்சா. 1989-இல் பதினேழு வயதில் ஸ்டெஃபி கிராஃபை வென்று பிரெஞ்சு ஓபன் கோப்பையைத் தூக்கிய அராஞ்சா சாஞ்செஸ் விகாரியோவின் பெயரில் இருப்பது அந்த முட்புதர்தான்.

கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில், 1493-இல், கரீபியன் தீவுகளுக்கு இந்த மாதாக்களின் பெயர்களை வைத்துக்கொண்டே போனார். ஒரு தீவு மொன்செராத். அதற்குத் தெற்கே இன்னொன்று, ஸ்பெயினின் குவாதலூப் மடத்து மாதாவின் பெயரில், குவாதலூப். அந்தக் குவாதலூப் தீவுக்குத்தான் 1854 டிசம்பரில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ஒரேலி என்ற கப்பல் போய்ச் சேர்ந்தது. நம்மூர் அம்மன் பெயர்களைச் சுமந்துகொண்டு போனவர்கள், ஒரு ஸ்பானிய அம்மையின் பெயரைத் தாங்கிய மண்ணில் இறங்கினார்கள்.

இந்த ஒப்பீட்டை நான் எடுத்தது சுருக்கங்களுக்காக. அங்கே மொன்செராத் வீட்டில் மொன்செ ஆகிறாள், கோவதோங்கா கோவா ஆகிறாள், தொலோரெஸ் லோலா ஆகிறாள். தொலோரெஸ் என்றால் துயரங்கள்; வியாகுல மாதாவின் பெயர். லோலா என்று கூப்பிடும்போது அதில் துயரம் ஒரு துளியும் கேட்பதில்லை. ஆனால் கோயில் பதிவிலும் அரசுப் பதிவிலும் முழுப்பெயர் இருந்துவிடுகிறது. சுருக்கம் பெயரை அழிக்கவில்லை.

முலை சம்பந்தமான கூச்சமும் அங்கே வந்தது. குழந்தைக்குப் பாலூட்டும் மாதாவின் படங்கள் இடைக்காலத்தில் சாதாரணம். 1563-இல் ட்ரென்ட் திருச்சங்கம், திருவுருவங்களில் இச்சையைத் தூண்டும் எதுவும் இருக்கக்கூடாது என்று விதித்தபிறகு அவை குறைந்தன. 1565 வாக்கில் லூயிஸ் தெ மொராலெஸ் வரைந்த பால் மாதா ஓவியம் மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முலை வெளியே தெரிவதில்லை. குழந்தையின் கை தாயின் ஆடைக்குள் நுழைந்து தேடிக்கொண்டிருக்கிறது. ஓவியர் கூச்சத்துக்கும் பக்திக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

நம் வீடுகளும் ஒரு வழி கண்டுபிடித்தன. செட்டிநாட்டில் உண்ணாமலை ஆச்சி என்ற பெயரை யாரும் வியப்பாகக் கேட்க மாட்டார்கள். வட, தென் ஆற்காட்டுக் கிராமங்களிலும் உண்ணாமலை என்ற பெயரில் வயதான பெண்கள் இருக்கிறார்கள். உண்ணாத மலை என்று ஒன்று இல்லை. பொருள் தேடினால் பெயர் நின்றுபோகும். மு என்ற எழுத்தின் கீழ்ச்சுழியை எடுத்துவிட்டால் முலை மலையாகும். பெயர் சபையில் சொல்லத்தக்கதாக ஆகிவிடும். அண்ணாமலையின் சாயலும் கூடவே வந்து காதுக்கு இயல்பாகப் படும். வல்லாளர் காலத்தில் காதின் வசதிக்காக நடந்த கலப்பு, பின்னாளில் கூச்சத்தின் வசதிக்கும் உதவியது. நகரத்தார் வீடுகளில் அப்பத்தா பெயரைப் பேத்திக்கு இடும் கட்டாயம் இருந்ததால் இந்த உண்ணாமலை வடிவம் தலைமுறை தலைமுறையாக உயிரோடிருந்தது. மற்ற சமூகங்களிலும் பாட்டி பெயரை இடும் பழக்கம் இருந்ததுதான். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற பழக்கமும் கூடவே இருந்தது. ஆகவே குழந்தையை வேறு பெயரில் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பெயர் பள்ளிக்குப் போயிற்று, வைத்த பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வடமொழி வழியிலும் இதே கூச்சம் வேலை செய்தது. அபீதகுசாம்பாள் என்பதில் குசம் என்றால் முலை. பேச்சு வழக்கில் அது அபிதகுஜாம்பாள், அபிதகுஜலாம்பாள் என்று தேய்ந்தது. ஜலாம்பாள் என்ற ஓசைக்குள் முலை காணாமல் போய்விட்டது. லா.ச. ராமாமிருதத்தின் 'அபிதா' நாவல் (1970) இந்த அம்மன் பெயரிலிருந்தே தன் தலைப்பை எடுத்துக்கொண்டது. 1999-இல் பாலாவின் 'சேது' படத்தில் கதாநாயகிக்கு அபிதகுஜலாம்பாள் என்று பெயர். அந்தப் படத்துக்குப் பிறகு அதில் நடித்தவரும் திரையில் அபிதா என்றே அறியப்பட்டார். இப்போது அபிதா என்பது நவீனமாகக் கேட்கும் ஒரு பெண்பெயர். அதற்கு அச்சமற்றவள் என்று பொருள் சொல்கிறவர்களும் உண்டு. அ-பீத என்பதில் ப-வை அழுத்தி உச்சரித்தால் வடமொழியில் அந்தப் பொருளும் வரும். தமிழ் எழுத்து இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ஆக உண்ணாமுலையின் இந்தக் காலத்து வாரிசு அபிதாதான். ஆனால் லோலாவுக்குப் பின்னால் தொலோரெஸ் பதிவேட்டில் நிற்பதுபோல, அபிதாவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. பருகப்படாத என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எது பருகப்படவில்லை என்பது போய்விட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் ஸ்பெயின் வழியை அப்படியே தமிழாக்கிக்கொண்டவர்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிலிருந்து ஆரோக்கியமேரி, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிலிருந்து அடைக்கலமேரி. தொலோரெஸுக்கு நேரான வியாகுலமேரி நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார். வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். பக்கத்து விருத்தாசலம் கோயில் அம்மனின் பெயரும் பெரியநாயகிதான். அந்த வட்டாரத்தில் பெரியநாயகி என்று ஒரு பெண் இருந்தால் எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்பதைப் பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பெயர்கள் இப்படி மதில் தாண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உண்ணாமுலையைத் தாங்கியவர்களின் இன்றைய பாடு பெரும்பாலும் காகிதத்தில்தான் தெரிகிறது. ரேஷன் கார்டில் உண்ணாமலை, வாக்காளர் அட்டையில் உன்னாமலை, பழைய பத்திரத்தில் உண்ணாமுலையம்மாள். டண்ணகரமா றன்னகரமா என்பது ஒரு தகராறு, மு-வா ம-வா என்பது இன்னொன்று. பட்டா மாற்றவோ வாரிசுச் சான்று வாங்கவோ போகும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பெயரைச் சொன்னவரே மெல்லச் சொல்லியிருப்பார். எழுதியவர் சபைக்கு ஒத்துவருகிறமாதிரி திருத்தியிருப்பார். மருத்துவமனையில் மார்பகம் என்றும் செய்தியில் தாய்ப்பால் என்றும் சொல்லிச் சமாளித்துக்கொள்ளும் நமக்கு முலை என்ற சொல் மட்டும் வசைச்சொல் போல ஆகிவிட்டது. சம்பந்தரும் சேக்கிழாரும் சந்நிதியில் நின்று வாய் நிறையச் சொன்ன சொல் அது.

கோயிலில் இந்தத் திருத்தம் நடக்கவில்லை. பெயர்ப்பலகையிலும் அர்ச்சனையிலும் பஞ்சாங்கத்திலும் அவள் உண்ணாமுலை அம்மன்தான். ஓதுவார் பதிகத்தை எடுத்தால் முதற்சொல்லாக அதே பெயர், 7-ஆம் நூற்றாண்டு வடிவத்தில், சுழி குறையாமல் வருகிறது. தெய்வத்துக்கு முழுப்பெயரும் பெண்ணுக்கு வெட்டிய பெயரும் என்ற இந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. தன் பாட்டியின் பத்திரத்தை எடுத்துப் பார்த்து, அதில் உண்ணாமுலை என்று எழுதியிருப்பதைக் கண்டு, மகளுக்கு அதையே மு-வோடு பதியச் சொல்லும் பெற்றோர் திருவண்ணாமலையில் சிலராவது இருக்க வேண்டும். வீட்டில் அபிதா என்றே கூப்பிட்டுக்கொள்ளட்டும். பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர் இருக்கட்டும்.